எஸ், எம், எல் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலைக்குப் போட்டுப் போக ஒழுங்கான உடை கிடைப்பதில்லை என்று ஒரு பெண் சொன்னால், "கடை முழுக்கத் தொங்குகிறதே" என்பார்கள். தொங்குகிறது, சரி. போட்டுப் பார்ப்பவளுக்குத்தான் தெரியும். தோளுக்குச் சரியாக இருக்கிற சட்டை மார்பில் இரண்டு பட்டன்களுக்கு நடுவே வாயைப் பிளக்கும், அதற்குப் பயந்து ஒரு அளவு பெரிதாக எடுத்தால் தோள் தையல் கைக்கு இறங்கிவிடும், கை நீளம் விரலை மூடும். பேன்ட்டில் தொடைக்கு ஏறினால் இடுப்பில் லூஸ். அப்புறம் உள்ளே ஒரு பனியன், நடுவில் ஒரு ஊக்கு, மேலே ஒரு கோட் என்று சமாளித்துக்கொண்டு, மீட்டிங்கில் கையை உயர்த்தவே யோசிக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு நம் உடம்பைக் குறை சொல்வதுதான் எனக்கு எரிச்சல். பெரும்பாலான ஆயத்த ஆடைகளுக்கு நடுத்தர அளவில் ஒரு மாதிரி வெட்டுகிறார்கள், மற்ற அளவுகளுக்கு அதையே இத்தனை சென்டிமீட்டர் என்று கூட்டிக் குறைத்துவிடுகிறார்கள். மார்பு பெருத்தால் தோளும் சேர்ந்து அகலும் என்பது அவர்கள் கணக்கு. எந்த உடம்பு அந்தக் கணக்குப்படி வளர்கிறது?

ஒரு காலத்தில் அளந்து பார்க்கவும் செய்தார்கள். 1939-40இல் அமெரிக்க வேளாண் துறை ஏறக்குறைய 15,000 பெண்களை, ஒவ்வொருவரையும் 59 இடங்களில் அளந்தது. வெள்ளையர் அல்லாதவர்களின் அளவுகளை மட்டும் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அந்த ஆய்வை வைத்து 1958இல் அங்கே பெண்கள் உடைக்கு ஒரு தர அளவு வந்தது, 1983இல் அதையும் கைவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு எண். ஒரு கடையில் எம் போடுகிறவள் அடுத்த கடையில் எக்ஸ்எல். ஆண்கள் பேன்ட்டில் இடுப்பும் கால் நீளமும் தனித்தனியாகப் போட்டிருக்கும், முறையான சட்டையில் கழுத்தளவு இருக்கும். நமக்கு ஒரே ஒரு எழுத்து! (பாக்கெட்டைப் பற்றி ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது, விட்டுவிடுகிறேன்.)

"தையல்காரரிடம் கொடுக்க வேண்டியதுதானே" என்று கேட்பவர்கள் ஒரு ஆயத்தச் சட்டையைத் திருப்பிப் பார்க்கட்டும். தையலை ஒட்டி துணியை வெட்டியிருப்பார்கள், பிரித்துவிட உள்ளே ஒன்றும் இருக்காது. இடுப்பைப் பிடிக்கலாம், தோளை மாற்றுவதென்றால் கையையே கழற்றித் தைக்க வேண்டும். இதை மறைக்கத்தான் எல்லாவற்றிலும் இழுபடும் துணி போடுகிறார்கள் என்று நினைக்கிறேன், நாளானால் அதுவும் முழங்காலில் தொங்கிப்போகிறது.

அலுவலகத்தோடு இது நிற்பதும் இல்லை. 2019 மார்ச்சில் பெண்கள் மட்டுமே செய்யவிருந்த முதல் விண்வெளி நடையில் ஆளை மாற்ற வேண்டியதாயிற்று, இருவருக்கும் எம் அளவு வேண்டியிருக்க, விண்வெளி உடையின் மேல்பகுதி அந்த அளவில் தயாராக இருந்தது ஒன்றே ஒன்று. அக்டோபரில்தான் அது நடந்தது. விண்வெளிக்கே அந்த நிலை என்றால், ஆண்கள் அளவில் தைத்த கோட்டையும் கையுறையையும் மாட்டிக்கொண்டு இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிற பெண்ணை யார் கவனிக்கப் போகிறார்கள்? தொளதொளத்த கை இயந்திரத்தில் மாட்டினால் ஆபத்து அவளுக்குத்தான். கட்டுமானத் தொழிலாளர்களின் பாதுகாப்பு உடை அவரவர் உடலுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும் என்ற வெளிப்படையான விதி அமெரிக்காவில் 2025 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

உடை தயாரிப்பவர்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மார்பு, இடுப்பு, தோள், நீளம் நான்கையும் சென்டிமீட்டரில் லேபிளில் போடுங்கள். உடலளவைச் சென்டிமீட்டரில் குறிக்க ஐரோப்பாவில் இஎன் 13402 என்று ஒரு தரமே வகுத்தார்கள், கட்டாயமில்லை என்பதுதான் அதில் குறை. உள்தையலில் ஒரு விரல் அகலத் துணி விடுங்கள், மார்புக்கு நேராக ஒரு பட்டன் வையுங்கள். சீருடை கொடுக்கிற நிறுவனங்கள், ஆண்கள் சட்டையில் சின்ன அளவைத் தூக்கிக் கொடுக்காமல், ஆர்டர் கொடுக்கும் முன் போடப்போகிற பெண்களை அளக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி