சி பிளாக் பாட்டி நினைவுக் கூட்டம்: ஞாயிறு மாலை 5 மணி

அனைவருக்கும் வணக்கம்.

நம் சி பிளாக் பாட்டி மறைந்து வரும் ஞாயிறோடு (15ஆம் தேதி) ஓராண்டு ஆகிறது. மாலை 5 மணிக்குத் தண்ணீர்த் தொட்டி அருகே கூடுகிறோம்.

நமக்கு வீடு ஒதுக்கிய, 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. பெயர் மாறியும் அந்த அலுவலகப் படிகளை நமக்காக ஏறி இறங்குவதைப் பாட்டி விடவில்லை. இடுப்பில் பேரப்பிள்ளை, கையில் மஞ்சப்பை. அதற்குள் வீடு வாரியாக ரப்பர் பேண்டு போட்ட நம் தவணை ரசீதுகள். பணம் முழுக்கக் கட்டியும் பலர் கிரயப் பத்திரம் வாங்காதது அவருக்குக் கடைசிவரை கவலை. அதனால் பேச்சைக் குறைத்து அந்த வேலையைப் பார்ப்போம்.

1. பத்திரம் வாங்காதவர்கள் ஒதுக்கீட்டு ஆணை, ரசீதுகள், ஆதார், ரேஷன் கார்டு நகல் கொண்டு வரவும்.
2. ஒதுக்கீடு பெற்றவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழும் வேண்டும்.
3. ரசீது தொலைந்திருந்தாலும் வாங்க.
4. பாட்டி படம் இருந்தால் வெள்ளிக்குள் அனுப்புங்கள், பேத்தி கேட்டிருக்கிறார்.

டீ, சுண்டல் பாட்டியின் மகள் வீட்டிலிருந்து.

வருபவர்கள் பிளாக், வீட்டு எண்ணுடன் சனி இரவுக்குள் பதில் போடுங்கள். அப்புறம், மேல்மாடிப் பெரியவர்களைக் கைபிடித்து இறக்க ஆள் வேண்டும். முடிந்தவர்கள் சொல்லுங்கள்.