கியூபாக் கட்டுரையில் விடுபட்ட நாற்காலி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் தாங்கள் வெளியிட்ட கியூபா பயணக் கட்டுரையைத் திங்கட்கிழமை காலை எங்கள் திண்ணையில் சத்தமாக வாசித்தேன். ஐந்து பெண்கள் பீடி சுற்றிக்கொண்டே கேட்டார்கள். ஹவானாவின் பழைய அமெரிக்கக் கார்கள், கடலோரச் சாலை, வாயில் சுருட்டோடு படத்துக்கு நிற்கும் கிழவி எல்லாம் வந்தன. பாதிக்குமேல் வந்ததும் ஒரு வரியில் என் வாய் நின்றுவிட்டது. கியூபாப் பெண்கள் தங்கள் தொடையில் வைத்துச் சுருட்டை உருட்டுகிறார்களாம், அதனால்தான் அதற்கு அந்த மணமாம். எதிரே என் மதினியின் மருமகள், கல்யாணமாகி மூன்று மாதமான பெண், மடியில் சுளகோடு உட்கார்ந்திருந்தாள். அந்த வரியை நான் வாசிக்கவில்லை. தாண்டிப் போய்விட்டேன்.

கட்டுரை முடிந்ததும் கோடிவீட்டு ஆச்சி கேட்டாள்: "சுருட்டைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறார்களே, அதைச் சுற்றுகிறவர்களைப் பற்றி ஒன்றும் இல்லையா?" ஆச்சிக்கு வயது எழுபத்தொன்று. ஐம்பது வருடத்துக்கு மேல் பீடி சுற்றிய கை அது. அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் தென்காசி மாவட்டம் புளியரையில் இருக்கிறேன். சோதனைச் சாவடியைத் தாண்டி மலை ஏறினால் கேரளத்தின் ஆரியங்காவு. 1956 நவம்பர் 1 வரை எங்கள் செங்கோட்டைப் பக்கம் முழுவதும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம்தான். என் அக்காளை ஆரியங்காவில்தான் கட்டிக்கொடுத்தார்கள். அவளுடைய பிரசவத்துக்குப் போய் வருடக்கணக்கில் அங்கே தங்கியதில் மலையாளம் வாசிக்கப் பழகினேன். அத்தான் ஊர் வாசகசாலையிலிருந்து எடுத்துவந்த புத்தகங்களில்தான் கியூபாவை முதலில் தெரிந்துகொண்டேன். ஆரியங்காவில் சுவருக்குச் சுவர் சே குவேராவின் முகம் இருக்கும். எனக்குப் பிடித்துப்போனது அந்த முகமல்ல, ஒரு நாற்காலி.

ஹவானாவில் 'எல் ஃபீகரோ' என்றொரு சுருட்டுத் தொழிற்சாலை. 1865 டிசம்பரில் அங்கே வேலை செய்த தொழிலாளர்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். எல்லோரும் சுருட்டுச் சுற்றும்போது ஒருவர் மட்டும் உயரமான இடத்தில் உட்கார்ந்து வாசிப்பார். அவருக்குக் கூலி குறையுமே, அதை மற்றவர்கள் தங்கள் கூலியிலிருந்து ஈடுகட்டுவார்கள். சுருட்டுத் தொழிலாளியும் கவிஞருமான சதுர்னினோ மார்த்தினேஸ் அதே ஆண்டில் தொழிலாளர்களுக்காக 'லா அவ்ரோரா' என்ற பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். பெரும்பாலோருக்கு எழுத்துத் தெரியாத காலம். பத்திரிகை அவர்களிடம் போய்ச் சேரக் காது ஒன்றுதான் வழி.

இதை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏனென்றால் எங்கள் திண்ணைக் கணக்கும் அதேதான். நான் ஒரு மணி நேரம் வாசித்தால் எனக்கு 100 பீடி குறையும். அந்த 100 பீடியை ஐந்து பேரும் ஆளுக்கு 20 வீதம் சுற்றி என் சுளகில் போட்டுவிடுவார்கள். யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஆச்சியின் தாயார் காலத்திலேயே இந்த வழக்கம் இருந்ததாம். அப்போது ஊரில் எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒரே பெண், போஸ்ட்மேன் வீட்டு மருமகள். கேரளத்தின் கண்ணூரிலும் பீடித் தொழிலாளர்கள் இப்படியே ஒருவரை வாசிக்க விட்டு, அவருக்கான பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஹவானாக்காரர்கள் எங்களைப் பார்த்ததில்லை, நாங்கள் அவர்களைப் பார்த்ததில்லை. கைக்கு வேலை இருந்து காது சும்மா இருக்கும் இடத்தில் மனிதர்கள் ஒரே யோசனைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

அந்த வாசகருக்கு அங்கே 'லெக்டோர்' என்று பெயர். காலையில் செய்தித்தாள், பிறகு கதை. எந்த நாவலை வாசிப்பது என்று தொழிலாளர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். வாசகரையும் அப்படித்தான் எடுப்பார்கள். முதலில் வாசித்துக் காட்ட வேண்டும், குரல் பிடித்தால்தான் வேலை. சுருட்டு இலையை வெட்ட அரைவட்டமான தட்டைக் கத்தி ஒன்று வைத்திருப்பார்கள், பெயர் 'சவேத்தா'. வாசித்தது மனத்துக்குப் பிடித்துவிட்டால், கை தட்டுவதற்குப் பதிலாக அந்தக் கத்தியை மேசைப் பலகையில் தட்டுவார்கள். நூறு பேர் நூறு கத்தியைத் தட்டினால் எப்படி இருக்கும் என்று எத்தனையோ இரவு படுத்துக்கொண்டு நினைத்துப் பார்த்திருக்கிறேன். உலகமெல்லாம் விற்கும் 'மாண்டிகிறிஸ்டோ' சுருட்டுக்கு அந்தப் பெயர் வந்ததும், தொழிலாளர்கள் கேட்டுக் கேட்டு மகிழ்ந்த ஒரு பிரெஞ்சு நாவலின் தலைப்பிலிருந்துதான்.

அப்போது கியூபாவை ஆண்ட ஸ்பானிய அரசுக்கு இது பொறுக்கவில்லை. அடுத்த வருடமே, 1866இல், தொழிற்சாலைகளில் வாசிக்கக் கூடாது என்று தடை போட்டார்கள். தடை நிலைக்கவில்லை. கடல் தாண்டி அமெரிக்காவின் தாம்பா நகரத்துக்குப் பிழைக்கப் போன கியூபாத் தொழிலாளர்கள் நாற்காலியையும் தங்களோடு கொண்டு போனார்கள். 1891இல் கியூபா விடுதலைப் போராட்டத் தலைவர் ஹோசே மார்த்தி அங்கே போய்ப் பேசியபோது, விடுதலைப் போருக்குத் தங்கள் கூலியில் ஒரு பங்கைக் கொடுத்தவர்கள் இந்தச் சுருட்டுத் தொழிலாளர்கள். போரைத் தொடங்கச் சொன்ன உத்தரவே ஒரு சுருட்டுக்குள் வைத்துச் சுற்றப்பட்டுக் கியூபாவுக்குப் போனது என்றும் ஒரு கதை சொல்வார்கள். அது மெய்யோ கட்டுக்கதையோ, நாற்பது வருடமாகப் பீடி சுற்றுகிற எனக்கு அது நடந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

1931இல் தாம்பாவின் முதலாளிகள் வாசகரின் மேடையை அகற்றினார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தும் பலனில்லை. மேடை இருந்த இடத்துக்கு வானொலிப் பெட்டி வந்தது. கியூபாவிலும் வானொலி வந்தது, ஆனால் நாற்காலியை அவர்கள் விடவில்லை. இன்றும் அங்கே வாசகர்கள் இருக்கிறார்கள், அவர்களில் பலர் பெண்கள். 2012இல் அந்த வழக்கத்தைத் தங்கள் நாட்டின் பண்பாட்டுச் சொத்து என்றே அறிவித்துவிட்டார்கள்.

இனி அந்தத் தொடை விஷயம். இலையைத் தொட்ட கை என்பதால் சொல்கிறேன். நாங்கள் மாலையில் பீடி இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைப்போம். விடிந்ததும் தகட்டை வைத்துக் கத்திரியால் வெட்டி, நரம்பு தடித்திருந்தால் சீவி, தூளை வைத்துச் சுருட்டி நூல் கட்டுவோம். நரம்பு நின்றுவிட்டால் பீடி பிரிந்துவிடும், கடையில் கழித்துவிடுவார்கள். சுருட்டிலும் அப்படியே. புகையிலையின் நடு நரம்பைக் கிழித்து எடுக்கும் வேலையைக் கியூபாவில் பெண்கள்தான் காலகாலமாகச் செய்துவருகிறார்கள். ஈர இலையை மடியில் விரித்து, ஒரே இழுப்பில் நரம்பை உருவிவிட்டு, இரண்டு பாதியையும் மேலே மேலே அடுக்குவார்கள். மடியில் இலையை வைத்த அந்த உழைப்பைப் பார்த்த எவனோ ஒருவன் கிளப்பிவிட்ட கதைதான் தொடையில் உருட்டுவது. சுருட்டு மரப்பலகையின்மேல் சுற்றப்படுகிறது. உள்ளே நிரப்பும் இலை, அதைப் பிடித்து நிற்கும் இலை, வெளியே போர்த்தும் இலை என்று மூன்று அடுக்கு. பிறகு மர அச்சில் வைத்து அழுத்துவார்கள். 50 சுருட்டு சேர்ந்தால் ஒரு கட்டு. எங்களுக்கு 25 பீடி ஒரு கட்டு. எங்கள் நெஞ்சில் இறங்கும் தூசுதான் அவர்கள் நெஞ்சிலும் இறங்குகிறது. இப்படி உழைக்கிற பெண்களைப் பற்றி அந்த வரியை எழுதியதும், அதைத் தாங்கள் அச்சிட்டதும் எனக்கு மிகவும் வேதனையாக இருந்தது.

கட்டுரையில் ஹவானாவைத் தவிர வேறு ஊரே இல்லை. சுருட்டு இலையில் பெயர்போனது மேற்கே பினார் தெல் ரியோ. அங்கே வினியாலெஸ் பள்ளத்தாக்கில் சமதரையிலிருந்து திடீரென்று எழும் செங்குத்தான சுண்ணாம்புப் பாறைக் குன்றுகளும், இடையே செம்மண் புகையிலை வயல்களும், பனையோலை வேய்ந்த உலர்த்தும் கொட்டகைகளும் இருக்கின்றன. படத்தில் பார்த்தபோது எங்கள் மேற்கு மலை அடிவாரத்தை யாரோ பெயர்த்து வைத்ததுபோல் இருந்தது. காமாகுவே நகரத்தில் மழைத்தண்ணீர் பிடிக்க வயிறு பெருத்த மண்தாழிகளை வீட்டு முற்றத்தில் வைத்திருப்பார்கள். அந்தத் தாழித் தண்ணீரைக் குடித்தவன் ஊரைவிட்டுப் போகமாட்டான் என்பது அவர்கள் பேச்சு. ஆதிச்சநல்லூர்த் தாழியைப் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லியிருக்கலாம். கிழக்கே சாந்தியாகோவின் ஜூலை மாதத் திருவிழாவில், ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த மேளத்தோடு, கூலிக்கு வந்த சீனர்கள் கொண்டுவந்த ஊதுகுழலும் சேர்ந்து ஒலிக்கும். சாந்தியாகோவுக்குப் பக்கத்து ஊரான எல் கோப்ரேயில் கோயில் கொண்டிருக்கும் மாதாவுக்கு செப்டம்பர் 8 திருநாள். மஞ்சள் உடுத்திய அந்த மாதாவையே ஆப்பிரிக்க வழிவந்தவர்கள் 'ஓச்சுன்' என்ற ஆற்றுத் தெய்வமாகவும் கும்பிடுகிறார்கள். ஆரியங்காவு சாஸ்தாவுக்கு மதுரை சௌராஷ்டிரர்கள் பெண்வீட்டாராக வந்து கல்யாணம் நடத்துவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் நான். எனக்கு இது புதுமையாகவே படவில்லை.

சாப்பாட்டைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் மரச்சீனிக் கிழங்குதான் அவர்களுக்கு 'யூக்கா'. அவித்து, பூண்டும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் ஊற்றிச் சாப்பிடுவார்கள். அந்தத் தீவின் ஆதிக்குடிகள் கிழங்கைத் துருவி, பிழிந்து, தட்டையான சுடுமண் தட்டில் சுட்ட 'கசாபே' என்ற ரொட்டிக்கு 2024இல் யுனெஸ்கோவின் பண்பாட்டுப் பட்டியலில் இடம் கிடைத்தது. கியூபாவோடு பக்கத்து நாடுகள் சிலவும் சேர்ந்து கேட்டு வாங்கிய இடம் அது. இதை வாசித்துச் சொன்னபோது மதினி சுளகைக் கீழே வைத்துவிட்டு, "நம் கிழங்கா!" என்றாள்.

எழுத்தறிவைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லாததைத்தான் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. 1961இல் கியூபா ஒரே ஆண்டில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தது. ஏறக்குறைய ஒரு லட்சம் மாணவ மாணவியர், பலர் பதின்வயதுப் பிள்ளைகள், கையில் ஒரு விளக்கோடு மலையிலும் கரும்புக்காட்டிலும் போய்த் தங்கினார்கள். பகலில் விவசாயியோடு வயல் வேலை, இரவில் அந்த விளக்கு வெளிச்சத்தில் பாடம். படித்து முடித்ததற்குச் சான்றாக ஒவ்வொருவரும் பிடல் காஸ்ட்ரோவுக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும். அந்தக் கடிதங்கள் இன்றும் ஹவானாவில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் அறிவொளி இயக்கம் வந்தபோது நானும் தொண்டராக இருந்தேன். இதே திண்ணையில், அரிக்கேன் விளக்கில், இந்த ஆச்சிக்கு நான்தான் எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். பீடி நூல் அறுத்து அறுத்துத் தழும்பேறிய விரல் அவளுக்கு, பலப்பம் நிற்காது. 'ட' மட்டும் உடனே வந்துவிட்டது. இலைத் தகட்டின் மூலைபோல் இருக்கிறது என்றாள். அவள் எழுதிய முதல் கடிதம் பம்பாயிலிருந்த மகனுக்கு. நான்கே வரி. அதை எழுத ஒரு சாயங்காலம் முழுவதும் ஆனது.

இன்றைய கியூபாவின் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. மணிக்கணக்கில் மின்வெட்டு, கடைகளில் சாமான் இல்லை, 1962இல் தொடங்கிய ரேஷன் புத்தகத்தில் கிடைப்பதும் குறைந்துவிட்டது, பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வெளிநாடு போகிறார்கள். அவற்றையும் எழுதுங்கள். அரசின் குறையை எழுதுகிற பத்திரிகை, அந்த மக்களின் கைவேலையையும் காதையும் சேர்த்து எழுதட்டும் என்றுதான் கேட்கிறேன்.

எங்கள் தெருவில் முன்பு நான்கு திண்ணைகளில் வாசிப்பு இருந்தது. இப்போது எங்களுடையது ஒன்றுதான் மிச்சம். மற்ற வீடுகளில் தொலைக்காட்சி ஓடுகிறது, அல்லது ஆளுக்கொரு கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு தனித்தனியே சுற்றுகிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒருவர் வாசித்து ஐந்து பேர் கேட்கும்போது நடுவில் நிறுத்திச் சண்டை போடலாம், அர்த்தம் கேட்கலாம், "இன்னொரு தடவை வாசி" என்று சொல்லலாம். பெட்டியிடம் அப்படிக் கேட்க முடியாது.

அந்தத் தொடை வரியைத் திருத்தி ஒரு சிறு குறிப்புப் போடுங்கள். சுருட்டுத் தொழிற்சாலை வாசகரைப் பற்றி விவரம் தெரிந்த ஒருவரைக்கொண்டு எழுதச் சொல்லுங்கள். வாக்கியம் சிறியதாக இருந்தால் சத்தமாக வாசிக்க வசதி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று பீடிக் கடை விடுமுறை, நாங்கள் திண்ணையில் கூடுவதில்லை. வாரநாளில் எந்த நாள் போட்டாலும் அன்று காலையே வாசித்துவிடுவேன். ஆச்சிக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், எனக்குப் பக்கத்திலேயே உட்காரவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பீடித் தொழிலாளி,
புளியரை, தென்காசி மாவட்டம்.