மார்த்தாண்டம் தேன்னு லேபிள் ஒட்டிட்டா போதுமா?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

மார்த்தாண்டம் தேனுக்கு 2023ல புவிசார் குறியீடு (இந்த ஊரு சரக்குன்னு அரசு குடுக்கற அங்கீகாரம்) கிடைச்சதுல எங்க பக்கம் எல்லாருக்கும் சந்தோஷம்தான், ஆனா பாட்டில்ல இருக்கறது நெசமாவே இந்த ஊரு தேன்தானான்னு எப்படி செக் பண்ணுவீங்கன்னு கேட்டா தெளிவா பதில் சொல்ல ஆளில்ல. நாய் நக்காது, எறும்பு மொய்க்காது, தண்ணில விட்டா கரையாம அடியில போய் நிக்கும்னு சொல்றதெல்லாம் சும்மா கதை, சர்க்கரைப் பாகை கெட்டியா காய்ச்சி விட்டா அதுவும் அடியிலதான் போய் நிக்கும்.

லேப்ல தேன் எந்த ஊருன்னு பாக்க ரொம்ப காலமா பண்றது மகரந்த டெஸ்ட், மைக்ராஸ்கோப்புல மகரந்தத்த பாத்து என்ன செடி, எந்த ஏரியான்னு ஓரளவு சொல்லிடுவாங்க. நமக்கு இங்கதான் இடிக்குது. குமரி மாவட்டத்துல கிடைக்கறது பெரும்பாலும் ரப்பர் தேன், அது பூவுலேர்ந்து வர்றதே இல்ல, வருஷ ஆரம்பத்துல மரம் இலைய உதிர்த்து தளிர் விடும்போது மூணு இலையும் சேர்ற காம்பு நுனில சின்ன சுரப்பி கசியும், தேனீ அதத்தான் உறிஞ்சும். அப்புறம் ரப்பர் மகரந்தம் அதுல எங்கேர்ந்து நெறைய வரும்? வந்தாலும் கேரளாவுலயும் அதே ரப்பர்தானே.

ஐசோடோப் டெஸ்ட் இருக்கு, அதாவது ஹைட்ரஜன்லயும் ஆக்சிஜன்லயும் கனமான அணு, லேசான அணு ரெண்டும் இருக்கும், அதுங்களோட விகிதம் மழைத் தண்ணிக்கு ஏத்த மாதிரி இடத்துக்கு இடம் மாறும், மண்ணுல உள்ள தாதுவும் தேன்ல தெரியும். ஆனா ஒப்பிட்டுப் பாக்க ஒரிஜினல் சாம்பிள் கையில இருந்தாத்தான் இதெல்லாம் உதவும். நியூசிலாந்துல மனுகாங்கற செடியோட பூவுலேர்ந்து வர்ற மனுகா தேனுக்கு 2018லயே 4 கெமிக்கல், அந்தச் செடியோட 1 டிஎன்ஏ அடையாளம் இருக்கணும்னு வரையறை வச்சுட்டாங்க, அது இல்லாம அந்தப் பேருல எக்ஸ்போர்ட் பண்ண முடியாது. இங்க 2020ல டெல்லியில இருக்கற அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம்ங்கற (சி.எஸ்.இ) தொண்டு நிறுவனம் 13 பிராண்ட ஜெர்மனி வரைக்கும் அனுப்பி டெஸ்ட் பண்ணதுல எல்லாத்துலயும் பாஸானது வெறும் 3, அதுவும் கலப்படம் இருக்கான்னுதான் பாத்தாங்க, எந்த ஊருன்னு இல்ல.

அதனால தோட்டக்கலைத் துறை சீசன்ல குலசேகரம், அருமனை, திருவட்டார் பக்கம் பெட்டிலேர்ந்தே நேரா சாம்பிள் எடுத்து சீல் வச்சு ஒரு டேட்டா பேங்க் ஆரம்பிக்கணும், எல்லை தாண்டி கேரளா தேனும் கூடவே எடுக்கணும். அதுக்கு முன்னாடி இன்னொண்ணு முடிவாகணும், எங்காளுங்க நெறைய பேரு சீசனுக்கு பெட்டிய வண்டில ஏத்தி கேரளா தோட்டத்துல கொண்டு வைக்கறாங்க, அந்தத் தேன மெஷின் கேரளான்னுதான் காட்டும், அதுக்கு மார்த்தாண்டம் பேரு உண்டா இல்லையான்னு அதிகாரிங்க எழுத்துல சொல்லட்டும்.

இப்படிக்கு,
தேன்பெட்டி வைக்கும் வாசகர் ஒருவர்,
குலசேகரம்.