ஏர் ரைபிளுக்கு லேசர் வாங்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் ஏர் ரைபிள் பழகுவோருக்கு குறிபார்க்க ஒளிப்புள்ளி காட்டும் லேசர் வாங்கித் தரும் பெற்றோர், முதலில் பார்க்க வேண்டியது மவுன்ட், அதாவது அதைத் துப்பாக்கியில் பொருத்தும் பிடி. ஏர் ரைபிளில் அந்தப் பிடி அமரும் தடம் பெரும்பாலும் 11 மி.மீ. அகலம்தான் இருக்கும், கடையில் விற்கும் பல லேசர்கள் 20 மி.மீ. தடத்துக்கானவை. வலிந்து இறுக்கினால் சாய்ந்தே நிற்கும். ஸ்பிரிங் விசையில் சுடும் ரைபிள் பின்னுக்கும் முன்னுக்கும் உதைப்பதால், மலிவான லேசரில் திருகு தளர்ந்து புள்ளி நகர்ந்துவிடும். சுட்டுப் பழகுபவர் தன் கையைத்தான் குறை சொல்லிக்கொள்வார்.

நம்மூர் உச்சி வெயிலில் சிவப்புப் புள்ளி கண்ணுக்கே தெரியாது. பச்சை (520 அல்லது 532 நானோமீட்டர்) எடுப்பாகத் தெரியும், ஆனால் பேட்டரியைக் கூடுதலாகத் தின்னும்.

குழலுக்கு 4 செ.மீ. கீழே பொருத்திய லேசரை 10 மீட்டரில் குண்டு படும் இடத்தோடு சேர்த்துவிட்டு, 20 மீட்டரில் சுட்டால் குண்டு புள்ளிக்கு 4 செ.மீ.க்கும் கீழேதான் படும். லேசர் கோடும் குண்டின் பாதையும் 10 மீட்டரில் வெட்டிக்கொள்கின்றன; அதற்கப்பால் லேசர் மேலே போய்விடும். அதோடு குண்டின் இறக்கமும் சேர்கிறது. எனவே சுடும் தூரத்திலேயே, ஐந்தைந்து குண்டாகச் சுட்டுச் சரிசெய்ய வேண்டும்.

திறன் 5 மில்லிவாட்டுக்கு மேல் வேண்டவே வேண்டாம். அதற்குள் இருந்தாலும் நேராகக் கண்ணில் படக் கூடாது. கண்ணாடி, தகரம் பக்கம் காட்டக் கூடாது.

இன்னொன்று, சர்வதேச விதிப்படி நடக்கும் 10 மீட்டர் ரைபிள் போட்டியில் லேசருக்கு இடமில்லை; சிறு துளை வழியே குறிபார்க்கும் சைட் மட்டுமே. பயிற்சிக் கூடங்கள் சேரும் நாளிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்.

இப்படிக்கு,
துப்பாக்கிச் சுடுதல் ஆர்வலர்கள்,
ஈரோடு.