சேமிப்புப் பத்திர வட்டிக்கு வரி உண்டு

ஆசிரியருக்கு,

பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அஞ்சலகத் தேசிய சேமிப்புப் பத்திரம் ஏற்றது என்ற கட்டுரையைப் படித்தேன். சரிதான், பணத்துக்கு ஆபத்தில்லை. ஆனால் அதன் வட்டிக்கு வருமான வரி உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டது பெரிய குறை. அஞ்சலகம் இதில் வரி பிடிப்பதில்லை, அதனால் வரியே கிடையாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2020 ஜூனில், மகள் எட்டாம் வகுப்புக்குப் போனபோது, 6.8 சதவீத வட்டியில் 2 லட்சம் போட்டேன். 2025 ஜூனில் 2,77,899 ரூபாய் வந்தது, வந்த கையோடு அவளுடைய முதலாண்டுக் கட்டணத்தைக் கட்டினேன். அப்புறம் வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போதுதான் தெரிந்தது, ஐந்தாண்டு வட்டி முழுவதும் அந்த ஒரே வருடத்து வருமானமாகிவிட்டது என்று. 20 சதவீத வரி வரம்பில் இருக்கும் எனக்கு, செஸ் என்னும் கூடுதல் வரியோடு சேர்த்து, 16,000 ரூபாய்க்கு மேல் வரி. மகளின் விடுதிக்கென்று எடுத்துவைத்த பணம் அது.

சேமிப்புக்கு வரிக் கழிவு தரும் பழைய வரி முறையில் இருப்பவர்கள் வட்டியை ஆண்டுதோறும் கணக்கில் காட்டிவந்தால், முதல் நான்கு ஆண்டு வட்டியை அதே பத்திரத்தில் செய்த மறுமுதலீடாக, சேமிப்புக்கான கழிவில் (முன்பு 80சி பிரிவு), 1.5 லட்சம் வரம்புக்குள், கழித்துக்கொள்ளலாம். கடைசி ஆண்டு வட்டிக்கு மட்டும் வரி கட்டினால் போதும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. பத்திரம் வாங்கும் அன்றே, எந்த ஆண்டுக்கு எவ்வளவு வட்டி, அதை எப்படிக் கணக்கில் காட்ட வேண்டும் என்று தமிழில் அச்சிட்ட ஒரு தாளை அஞ்சலகக் கவுன்ட்டரிலேயே கொடுக்க அஞ்சல் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஒரு வாசகர், தென்காசி