பழைய பாட்டு, புதுப் பதிவு

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய பாடல்களைத் திரும்பப் பதிவு செய்யும் இசைக்குழுக்கள் சரக்கு தீர்ந்தவர்கள் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தேன். எல்லோரையும் அப்படி ஒரே தட்டில் வைப்பது சரியில்லை. கலிபோர்னியாவின் பங்க் ராக் குழுவான டிசெண்டன்ட்ஸ் 2021-இல் வெளியிட்ட ‘நைன்த் அண்ட் வால்நட்’ ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள். லாங் பீச்சில் அவர்கள் பயிற்சி செய்த இடம் இருந்த தெருமுனையின் பெயர்தான் அது. 1977 முதல் 1980 வரையிலான ஆரம்பகாலப் பாடல்கள், மொத்தம் 18. ஆனால் அரை மணி நேரம்கூட ஓடாது!

கிட்டார், பேஸ், டிரம்ஸ் மூன்றும் 2002-லேயே பதிவாகிவிட்டன. பாக்கி இருந்தது குரல்தான். பிறகு 2008-இல் கிட்டார் கலைஞர் ஃபிராங்க் நவெட்டா இறந்துபோனார். கொரோனா முடக்கத்தின்போது, 2020-இல்தான் குழுவின் பாடகர் மைலோ ஆக்கர்மன் பாடி முடித்தார். இறந்த நண்பரின் கிட்டாருக்கு மேல், பதினெட்டு ஆண்டுகள் கழித்து!

கல்லூரியில் நானும் நண்பனும் பதிவு செய்த கேசட் ஒன்று என் பீரோவில் இருக்கிறது. கிட்டார் வாசித்தவன் இன்று இல்லை. பாட வேண்டிய நான் அன்று தொண்டை கட்டிப் பாடவே இல்லை. இந்த ஆல்பத்தைக் கேட்ட இரவு அந்தக் கேசட்டைத் தேடி எடுத்தேன். அப்புறம் தூக்கம் வரவில்லை.

உங்கள் இணைப்பில் இந்த ஆல்பத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

- வாசகர், நாகர்கோவில்