இட்லி ரெண்டா மூணா

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிறு ராத்திரி

செல்வி புள்ள,

மூணு மாசமா பதில் போடல, திட்டணும்னா திட்டிக்க. பொள்ளாச்சி வரைக்கும் வந்துட்டு உன் வீட்டை எட்டிப் பார்க்காம போனதுக்கும் சேர்த்தே திட்டு. இங்க எல்லாரும் சுகம். கணக்கு டீச்சர் இன்னும் அதே சைக்கிள்தான்.

உன் தம்பி விஷயத்துக்கு வர்றேன். போதை ஊசியை விட்டு ஒன்றரை மாசமாச்சு, ஆனா சுவத்தையே பாத்துட்டுக் கிடக்கான்னு எழுதியிருந்தே. சோம்பேறித்தனம்னு மட்டும் சொல்லிராத. ஊசியை விட்டதும் வர்ற கொட்டாவி, மூக்கொழுகல், வயித்தால போறதெல்லாம் ஒரு வாரம் பத்து நாள்ல அடங்கிரும். மனசு அவ்வளவு சீக்கிரம் அடங்காது. தூக்கம் சரியாகவே மாசக்கணக்காகும். இத்தனை நாளா அந்த ஊசி கொடுத்த சுகத்துக்குப் பழகின மூளைக்கு, உன் மக ஓடி வந்து மடியில விழுந்தாலும் ஒண்ணும் தோணாது. ஆனா நாலு வாரம் தாண்டியும் இப்படியேன்னா, இது தனி மனச்சோர்வு நோயான்னு டாக்டர் பாத்தே ஆகணும். போதைக்கு முன்னாடியும் இப்படி முடங்கிக் கிடந்திருக்கானான்னு கேப்பார். அம்மா மறைப்பாங்க, நீ சொல்லு. அதுக்கு மாத்திரை கொடுத்தா வேலை செய்ய ரெண்டுல இருந்து நாலு வாரமாகும். நாலாம் நாளே தூக்கிப் போட்டுராதீங்க.

ஊசிக்குப் பதிலா டாக்டர் கொடுத்த புப்ரெனார்ஃபின் மாத்திரை 8 மில்லிகிராம் போட்டும் சாயங்காலமானா உடம்பு முறுக்குதுன்னியே, டோஸைக் குறை சொல்றதுக்கு முன்னாடி அவன் வாயைப் பாரு. வாய் வறண்டிருந்தா முதல்ல ஒரு மடக்குத் தண்ணி. 2 மில்லிகிராம் மாத்திரை நாலும் ஒண்ணா வைக்க முடியலன்னா ரெண்டு ரெண்டா நாக்குக்கடியில வைக்கலாம். கரையுற வரைக்கும், பத்து நிமிஷம்னு வெச்சுக்க, பேசவே கூடாது. உங்கம்மா சரியா அப்பத்தான் "இட்லி ரெண்டா மூணா"ம்பாங்க. இவனும் வாயைத் திறப்பான், பாதி மருந்து எச்சிலோட வயித்துக்குப் போயிரும். அங்க போனது பெரும்பாலும் வீண்தான், கல்லீரலே அழிச்சிரும். கரைஞ்சப்புறம் தண்ணியால வாயை அலசி முழுங்கச் சொல்லு. பல் தேய்க்கறது ஒரு மணி நேரம் கழிச்சு. இல்லன்னா பல்லு சொத்தையாயிரும்.

இந்த மாத்திரையும் போதைதானே, நிறுத்திட்டு மாலை போடட்டும்ங்கறாரா உங்க மாமா? மாலை தாராளமா போடட்டும், மாத்திரையோட. நிறுத்தின கொஞ்ச நாள்லயே உடம்போட தாங்குசக்தி இறங்கிரும். அப்ப ஒரு நாள் சறுக்கிப் பழைய அளவையே ஏத்தினான்னா மூச்சு நின்னுரும். தூக்கத்துக்குன்னு கடையில அல்பிரசோலம் மாத்திரை வாங்கிக் கொடுக்கறதும் அதே ஆபத்துதான்.

இன்னொண்ணு, தள்ளிப் போடாத. செத்துரலாம்னு தோணுதாடான்னு நேராவே கேளு. கேக்கறதால அந்த எண்ணம் வராது. ஆமான்னா, எப்படின்னும் கேளு. அவன் என்ன சொன்னாலும் சரி, தோட்டத்து ரூம்ல இருக்கற பூச்சிமருந்தை இன்னைக்கே வேற வீட்டுக்கு மாத்திரு. மனநல உதவிக்கான போன் நம்பர் 14416ல ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

வெள்ளிக்கிழமை மீனாட்சிபுரம் பஸ்ல வர்றேன். மருந்துச் சீட்டையும் மிச்சமிருக்கற மாத்திரையையும் எடுத்து வை, எண்ணிப் பாக்கணும். முறுக்கு மட்டும் சுட்டுராத, போன தடவை வாங்கினதே போதும்.

உன்,
குண்டு